ஆமைக்கு அனுப்பிய ரிப்போர்ட்

காகிதக் கட்டைப் பிரிண்டரில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை விசிறிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. உறையைக் கிழித்து அப்படியே உள்ளே திணித்துவிட்டு, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் இயந்திரத்தைத் திட்டுவார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் நான் கண்டுபிடித்த உண்மைகளில் தலையாயது இதுதான். மற்றவை இதைவிடச் சிறியவை.

நீங்கள் குறிப்பெடுப்பது தெரிகிறது. எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் என்ற ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. இந்த விசாரணையே அதைப் பற்றியதுதான்.

என் பதவிக்குக் கணினி அமைப்பு நிர்வாகி என்று பெயர். ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு சுருள் கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். அன்றிலிருந்து நான் 'ஒயர்'. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்களுக்கு 'ஒயர் சார்'. என் அறை தரைத்தளத்தில், பழைய எக்ஸ்ரே படங்களைக் குவித்து வைத்திருக்கும் அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் இருக்கிறது. என் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப் பேர் கதவு மாறித் தட்டியவர்கள். அவர்களுக்கும் நான் எழுந்து வந்து கை காட்டுவேன்.

வீட்டில் நிலைமை இதைவிட மேல் என்று சொல்ல முடியாது. மகள் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க ஆபீஸ்ல என்னதான்பா பண்றீங்க?" என்றாள். சர்வர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கிப் பத்து நிமிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெக்கானிக்னு போட்டுக்கறேன்" என்றாள். அடுக்களையிலிருந்து என் மனைவி, "அதுவும் பொய்தான். குழாய் மூணு மாசமா ஒழுகுது" என்றாள்.

இதையெல்லாம் சொல்வது உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்க அல்ல. நான் எவ்வளவு சின்ன ஆள் என்பது தெரியாவிட்டால், எவ்வளவு பெரிய காரியம் செய்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்போது ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு குட்டிப் பிரிண்டர். ஒன்றில் மை இருக்காது, ஒன்றில் தாள் இருக்காது, இரண்டும் இருப்பதில் பல்சக்கரம் உடைந்திருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வேண்டுமென்றால் மூன்றாவது மாடி நர்ஸ் தரைத்தளத்து லேபுக்கு இறங்கி வந்து வாங்கிப்போக வேண்டும்.

"எங்கே இருந்து அடிச்சாலும், எங்கே வேணுமோ அங்கே பேப்பர் வரணும். உங்களால முடியுமா?" என்றார்.

'உங்களால' என்ற சொல்லை அவர் அழுத்திய விதத்தில் எனக்குத் தூக்கம் போனது.

பண்டக அறையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கணினியை எடுத்துவந்தேன். அதில் யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். ஏற்பாடு இவ்வளவுதான்: எந்த அறையிலிருந்து யார் அச்சுக்குக் கொடுத்தாலும் அது முதலில் என் கணினிக்கு, அதாவது சர்வருக்கு, வரும். அங்கே ஒரு கோப்புறையில் வரிசையாக உட்காரும். முறை வரும்போது எந்த வார்டுக்குப் போக வேண்டுமோ அந்த வார்டின் பிரிண்டருக்குப் போகும். யார் அச்சிடலாம், யார் வரிசையை நிறுத்தலாம், யார் ஒன்றை ரத்து செய்யலாம் என்பதற்கெல்லாம் ஒரு அமைப்புக் கோப்பில் தனித்தனியாக அனுமதி எழுத வேண்டும். அச்சிடும் அனுமதியை எல்லோருக்கும் எழுதினேன். மற்ற இரண்டையும் எனக்கு மட்டும் எழுதினேன். பாதுகாப்புக்காக என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு நாள் எதுவும் நகரவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு பிரிண்டரின் கணினி முகவரியில் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி வைத்திருக்கிறேன். திருத்திவிட்டு, சோதனைப் பக்கம் ஒன்றை மூன்றாவது மாடிக்கு அனுப்பினேன். அரை நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. மேல் வார்டு நர்ஸ்.

"ஒயர் சார், இங்க யாரும் தொடாமலேயே மெஷின்ல இருந்து பேப்பர் வருது. எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு. கொஞ்சம் வாங்களேன்."

மூன்று மாடியையும் படியிலேயே ஏறினேன். அந்தத் தாள் இன்னும் சூடாக இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மகள் பிறந்த அன்றுகூட நான் அப்படி ஓடவில்லை என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்தது என்பது என் வாதம்.

பிரிண்டர்களுக்குப் பெயர் வைத்தேன். லேபில் இருந்தது கிளி, அவசரப் பிரிவில் முயல், முதல் மாடியில் கொக்கு. மூன்றாவது மாடியில் இருந்தது கொஞ்சம் பழைய இயந்திரம் என்பதால் ஆமை. ஒரு வாரத்தில் எல்லோர் வாயிலும் அதே பெயர்கள். "ஆமைக்கு அனுப்பியாச்சு, பாத்துக்கங்க" என்று பெரிய டாக்டரே தொலைபேசியில் சொல்வதைக் கேட்டேன். நான் வைத்த பெயர். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே இரண்டு முறை சிரித்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததற்கு நான் தயாராக இல்லை. அமைப்பு பிரமாதமாக வேலை செய்தது. காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை ஒரு தொலைபேசி இல்லை, ஒரு ஆள் இல்லை. முன்பாவது மை தீர்ந்தது, தாள் சிக்கியது என்று நாளைக்கு நாலு பேர் வந்து திட்டிவிட்டுப் போவார்கள். இப்போது கழிவறை தேடி வருகிறவர்கள் மட்டும். என்னை நானே வேலையை விட்டு நீக்கிக்கொண்டேன், சம்பளம் மட்டும் நிற்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் சர்வரின் வட்டில் இடம் தீர்ந்து அச்சு வரிசை நின்றுபோனது. உண்மையான கோளாறு. கால் மணி நேரத்தில் என் அறை வாசலில் பதினோரு பேர். எண்ணிப் பார்த்தேன். இரண்டு டாக்டர்கள் அதில் அடக்கம். எல்லோரும் 'சார்' என்றார்கள், முன்னால் ஒயர் இல்லாமல். பழைய கோப்புகளை அழித்தேன், வரிசை நகர்ந்தது. ஒரு டாக்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோளைக் கொஞ்ச நேரம் ஆட்டாமல் வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் வரிசையை நானே நிறுத்திப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டளை, ஒரு வரிகூடக் கிடையாது. ஐந்து நிமிடம்தான். நாலு பேர் வந்தார்கள். 'பாக்கறேன்' என்றேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு விசைப்பலகையில் சம்பந்தமில்லாமல் எதையெதையோ தட்டினேன், பிறகு விடுவித்தேன். நன்றி சொன்னார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தை அழுதால்தானே தூக்குகிறார்கள், நாற்பத்தாறு வயதுக் குழந்தை கொஞ்சம் நாகரிகமாக அழுதது, அவ்வளவுதான்.

பிறகு அது வழக்கமானது. வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் மூன்று முறை. வாசலில் நின்று வணக்கம் சொல்கிறவர்களின் அச்சு வேலையை வரிசையில் முன்னால் தள்ளிவிடுவேன். 'ஏய் ஒயர்' என்கிறவர்களுடையது கடைசிக்குப் போகும். ரூட் என்று ஒரு பயனர் உண்டு, இந்த வகைக் கணினியில் எல்லாவற்றையும் பார்க்கவும் எல்லாவற்றையும் செய்யவும் உரிமை உள்ள ஒரே ஆள். அது நான். வரிசையில் நிற்கும் எதையும் திறந்து படிக்கலாம். படித்தேன். விடுப்பு விண்ணப்பங்கள், மாற்றல் மனுக்கள், ஒரு டாக்டர் எழுதிய கவிதைகள். கவிதைகளை மட்டும் உடனே அனுப்பிவிடுவேன், நீண்ட நேரம் வைத்திருக்க முடியாத தரம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்தான். லேபுக்குப் பொறுப்பாக இருந்த அம்மா. ஐம்பத்திரண்டு வயது, பத்தொன்பது வருட அனுபவம், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருப்பார். ஒருநாள் என் அறைக்கு வந்து, நின்றுபோன அச்சைப் பற்றிக் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க இருக்கற அன்னிக்குத்தான் இது நிக்குது. நீங்க லீவு போட்டா நல்லா ஓடுது. அது ஏன்?"

"தற்செயலா இருக்கும் மேடம்."

"பதினாலு நாளு பாத்துட்டேன். ஒரு தடவைகூடவா தற்செயல் மாறாது?"

அன்று பிற்பகல் அவர் கண்காணிப்பாளருக்கு ஒரு புகார் தட்டச்சு செய்து அச்சுக்குக் கொடுத்தார். என்னைப் பற்றிய புகாரை என் வழியாகவே அனுப்பினார். திறந்து படித்தேன். தேதி, நேரம், நான் விடுப்பில் இருந்த நாட்கள், நின்ற நிமிடங்கள் எல்லாம் அட்டவணையாக இருந்தன. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என் வேலையை உன்னிப்பாகக் கவனித்திருந்தார். ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பிறகு ரத்து செய்தேன்.

அவர் மறுபடி அனுப்பினார். மறுபடி ரத்து செய்தேன். மறுநாள் கையால் எழுதிக்கொண்டு நேராகக் கண்காணிப்பாளரிடமே போனார். கண்காணிப்பாளர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டைப் பண்ணிக் குடுத்துடுங்கம்மா, கைல எழுதினதை ஃபைல்ல வைக்க முடியாது" என்றார். இதை அவருடைய உதவியாளர் என்னிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். நிஜமாகவே வேடிக்கைதான்.

ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவர் சொல்லை யாரும் நம்பாதபடி செய்ய வேண்டும். பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். லேபிலிருந்து வரும் எதுவும் இருபத்தைந்து நிமிடம் வரிசையில் நின்று, பிறகு தானாகப் போகும். லேப் கணினியில் 'அனுப்பப்பட்டது' என்றே காட்டும். வார்டில் ஒன்றும் வராது. ஒரே மாதத்தில் மூன்று மாடியிலும் 'லேப் லேட்' என்பது பேச்சுவழக்காகிவிட்டது. அவர் 'நான் அப்பவே அனுப்பிட்டேன்' என்று சொல்லச் சொல்ல, 'இந்தம்மா எப்பவும் இதையே சொல்லும்' என்றார்கள். நிரல் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை.

இனி அந்தப் புதன்கிழமை.

மூன்றாவது மாடியில் ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். முப்பத்தெட்டு வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். சிறுநீரகத்தில் பிரச்சினை, இரண்டு நாளாகக் காலில் பலமில்லை. காலை பத்தரைக்கு ரத்தம் எடுத்தார்கள். லேப் அம்மா பதினொன்று முப்பத்தெட்டுக்கு முடிவை ஆமைக்கு அனுப்பினார். அது என்னிடம் வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு மூன்றுக்கு விடுதலை.

பதினொன்று நாற்பத்தாறுக்கு ஒரு அம்மாள் என் கதவைத் தட்டினார். கழுத்தில் தையல்காரர்கள் போடும் அளவு நாடா தொங்கியது. வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

"சார், பிரிண்டர் ரூம் இதுதானா?"

"சொல்லுங்கம்மா."

"என் தங்கச்சி மூணாவது மாடியில இருக்கா. ரத்த ரிப்போர்ட் வந்தாத்தான் ஊசி போடுவாங்களாம். லேப்ல அனுப்பிட்டோம்ங்கறாங்க, மேல வரலைங்கறாங்க. யாரைக் கேக்கறதுன்னே தெரியல சார். அவ வேற, பேச்சே குழறுது."

பட்டியல் என் திரையில்தான் இருந்தது. திரை என் பக்கம் திரும்பியிருந்தது. ரிப்போர்ட்டை நான் திறந்து பார்க்கவில்லை.

"லேப்ல இருந்து எனக்கு இன்னும் வரவேயில்லைம்மா" என்றேன். "அங்கேயே போய்க் கொஞ்சம் அழுத்திக் கேளுங்க. லேட் பண்றது அவங்கதான்."

"சரி சார். ரொம்ப நன்றி சார். காலையில இருந்து நீங்க ஒருத்தர்தான் உக்காந்து பொறுமையா பதில் சொன்னீங்க."

அவர் வராந்தாவில் ஓடுவது கேட்டது. அந்த வாக்கியம் எனக்கு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பன்னிரண்டு அடிக்கும்போது லேப் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, ஆமைக்கு மூணு தடவை அனுப்பிட்டேன். போகலங்கறாங்க. வார்டு போன் எங்கேஜ்டாவே இருக்கு. அந்தப் பொண்ணுக்குப் பொட்டாசியம் ஏழைத் தாண்டிடுச்சுப்பா. இதயம் நின்னுடும். நம்ம சண்டையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். கொஞ்சம் பாரு தம்பி."

"பாக்கறேன் மேடம். உங்க பக்கம் கேபிள் லூஸா இருக்கும், அசைச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் கேபிளை அசைக்கவில்லை. வார்டு போனைப் பத்து நிமிடம் விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு, பொட்டாசியம் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு ஓடியிருக்கிறார். லிஃப்டில் படுக்கை ஒன்று ஏறிக்கொண்டிருந்ததால் படியில் ஏறினார். அவருக்கு முட்டியில் வாதம். மேலே போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பதினேழு. டாக்டர் தாளைப் பார்த்ததும் ஊசியைக் கையில் எடுத்தார். பன்னிரண்டு இருபதுக்கு அந்தப் பெண் இறந்துபோனார். அக்கா அப்போது தரைத்தளத்தில், லேபின் மூடிய கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு ஆமை மூன்று தாள்களை வெளியே தள்ளியது. மூன்றும் ஒரே ரிப்போர்ட். மேல் வார்டு நர்ஸ் மூன்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் நின்றதாகச் சொன்னார்கள்.

பன்னிரண்டு மூன்றுக்கு வர வேண்டியது ஏன் முப்பத்தொன்றுக்கு வந்தது என்று நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. வருகிறேன்.

அன்று மதியம், எது எப்போது வந்தது என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து, பதினொன்று முப்பத்தெட்டு என்று இருந்த இடத்தில் பன்னிரண்டு பதினொன்று என்று மாற்றினேன். அடுத்து வந்த இரண்டு பிரதிகளின் வரிகளை நீக்கினேன். லேப் கணினிக்கும் நான்தான் ரூட், அங்கேயும் அதையே செய்தேன். பத்து வரி நிரலை அழித்தேன். பிறகு சாப்பிட்டேன். அன்று டப்பாவில் என்ன இருந்தது என்பது நினைவில்லை, ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

முதல் விசாரணையில் தொழில்நுட்ப சாட்சி நான்தான். எத்தனை மரியாதை. தண்ணீர் வைத்தார்கள், நாற்காலி போட்டார்கள். பதிவுக் கோப்பை அச்சிட்டு எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன், தாள்களை நன்றாக விசிறிவிட்டுத்தான் வைத்தேன், ஒன்றுகூட ஒட்டவில்லை. லேப் அம்மா எழுந்து நின்றார்.

"பதினொண்ணரை தாண்டினதுமே நான் அனுப்பிட்டேன். இவரோட சர்வர்ல எப்படி இந்த டைம் வந்துச்சு? தம்பி, நீயே சொல்லேன்."

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது மேடம்" என்றேன்.

அவரை இடைநீக்கம் செய்தார்கள். பிறகு வேலையும் போனது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கடையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அந்த வழியாகப் போனேன். என்னைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். கையிலிருந்த குழாயில் பெயர் எழுதுவதைத் தொடர்ந்தார். அடுத்த மாதத்திலிருந்து வேறு பேருந்தில் போக ஆரம்பித்தேன். கால் மணி நேரம் கூடுதல். மனசாட்சிக்கு நான் கொடுத்த விலை நாளைக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், மழை நாட்களில் இருபது நிமிடம்.

அந்த வருடமே எனக்குச் சிறந்த ஊழியர் என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. மகள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். மனைவி, "இப்பல்லாம் நிம்மதியா தூங்கறீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. தூங்கினேன்.

லேப் அம்மா சும்மா இருக்கவில்லை. ரத்தத்தைப் பரிசோதிக்கும் கருவிக்குள் தனியாக ஒரு கடிகாரம் உண்டு, எந்தக் கணினியோடும் சேராதது. அதில் பதினொன்று முப்பத்தாறு என்று பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்து மேல்முறையீடு செய்தார். வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தீர்கள். முப்பது வயது இருக்கும், என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிற பெண். இரண்டு நாள் என் சர்வரைக் குடைந்தார். போன வெள்ளிக்கிழமை அவருடைய அறிக்கை வந்தது. மூன்று பக்கம்.

லேப் அம்மா மீது தவறில்லை. மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும். யாரும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. சர்வரின் கடிகாரம் முப்பத்துமூன்று நிமிடம் பிசகி ஓடியிருக்கிறது, அச்சு வரிசை காரணமில்லாமல் நின்றிருக்கிறது. இதைப் படித்ததும் என் அறையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். எல்லோரும் தப்பினோம். அடுத்த பத்தியையும் படித்தேன்.

'பகிர்வு அச்சு அமைப்பு அடிப்படையிலேயே பிழையாக நிறுவப்பட்டுள்ளது. நிறுவியவரின் அனுபவக் குறைவே காரணம். அவருக்கு மூன்று நாள் தொடக்கநிலைப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைக்கிறோம்.'

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி. "மனசாட்சி" என்றேன். அவள் என்னை நம்பினாள். நானும் நம்பினேன். அதனால்தான் திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வந்து உங்கள் அறை வாசலில் நின்றேன்.

இப்போது, பன்னிரண்டு மூன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் இருந்த அந்த இருபத்தெட்டு நிமிடம். முன்பு ஒன்றை மாற்றிச் சொன்னேன், அதையும் திருத்திவிடுகிறேன். ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன். அந்த அக்கா என் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே திறந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் இருந்தது. நான் டாக்டர் இல்லை, ஆனால் ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளைத் திருட்டுத்தனமாகப் படித்தவன். இரண்டு நட்சத்திரம் என்றால் யாராவது ஓட வேண்டும் என்று அர்த்தம்.

பன்னிரண்டு இரண்டுக்கு நிரல் அதை விடுவிக்கத் தயாரானது. லேப் அம்மாவின் தொலைபேசியை அப்போதுதான் வைத்திருந்தேன். அவர் கேட்ட உடனே தாள் வெளியே வந்தால், நிறுத்துவதும் விடுவதும் நான்தான் என்று அவருக்கு உறுதியாகிவிடும். அவர் நேரில் வந்து கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா நேரில்தான் வந்தார். அவருக்கும் விடவில்லை.

பன்னிரண்டு மூன்றுக்கு நான் என் கையால் கட்டளையைத் தட்டி மூன்று பிரதிகளையும் மறுபடி நிறுத்தினேன். அந்தப் பெண் பிழைக்கலாம் என்பது தெரியும், பிழைக்காமல் போகலாம் என்பதும் தெரியும். பதினேழு நிமிடம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு மாடியில் அழுகைச் சத்தம் கேட்டது. இன்னும் பதினொரு நிமிடம் பொறுத்துவிட்டு விடுவித்தேன். இதைக் கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறேன். அதற்கு முன்னால் அந்த நிபுணரின் அறிக்கையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். கடிகாரம் ஒரு வினாடிகூடப் பிசகவில்லை. வரிசை ஒருமுறைகூடக் காரணமில்லாமல் நிற்கவில்லை. நான் சொன்னதை எல்லாம், சொன்ன நேரத்துக்கு, அது அப்படியே செய்தது. அதையும் சேர்த்து எழுதிவிட்டீர்கள் என்றால், அந்த மூன்று நாள் பயிற்சிக்கு நான் போக வேண்டியிருக்காது, இல்லையா?